புதுப்பிப்பு: எழுத்தழிந்த அந்தக் குப்பி ‘முஸ்தாஷ்’ தான்

பழம்பொருள் சந்தையில் வாங்கிய, பெயர்ச்சீட்டு பாதி அழிந்த, ஆண்களுக்கான வாசனைத் திரவியக் குப்பி ஒன்றைப் பற்றிச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். தெளித்தவுடன் வார்னிஷ் நெடி அடித்ததால், அது கெட்டுவிட்டதோ என்றும் ஐயுற்றிருந்தேன். உங்களில் சிலர் ஊகித்தபடியே, அது பாரிஸின் ரோஷா நிறுவனம் 1949-இல் வெளியிட்ட ‘முஸ்தாஷ்’ தான். பிரெஞ்சில் அதற்கு மீசை என்று பொருள் (எனக்கு அது இல்லை என்பது வேறு கதை).

இதை உருவாக்கியவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. 1966-இல் தியோர் நிறுவனத்துக்காக ‘ஓ சவாஜ்’ என்ற புகழ்பெற்ற நறுமணத்தைப் படைத்தவரும் அவரே. அந்த நெடி, காலப்போக்கில் காற்றுப்பட்டுச் சிதைந்த எலுமிச்சை வகை எண்ணெய்களுடையது. பத்து நிமிடங்களில் அது அகன்றுவிட, தேனும் தோலும் கலந்த, சற்றே விலங்குத்தன்மையுள்ள மணம் எழுந்து, மாலையில் ஈரமான காட்டுத்தரையை நினைவூட்டும் ஓக் பாசியில் வந்து நின்றது. நாம் மசாலாவில் சேர்க்கும் கல்பாசியைப் போல அதுவும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி) வகையே. ஒவ்வாமையைத் தூண்டும் அதன் இரு கூறுகளை, அட்ரனால், குளோரோ அட்ரனால் ஆகியவற்றை, ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடைசெய்ததால், பழைய பாசி மணத்தை அப்படியே இன்று தயாரிக்க இயலாது. 2018-இல் இதே பெயரில் வந்த புதிய வடிவம் வேறொரு மணம். இதைத் தேடுபவர்கள் அதை வாங்கிவிட வேண்டாம்.

குப்பியை இப்போது அலமாரியின் இருட்டில் வைத்திருக்கிறேன்.