சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு: வெயில், மழை, அக்கம்பக்கம்

"சென்னை வெயிலையே பார்த்தாயிற்று, சிங்கப்பூர் எம்மாத்திரம்" என்பார்கள். "தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் ஊர், நம் ஊர் மாதிரிதான்" என்றும் சொல்வார்கள். புதிதாக வரும் எல்லாரிடமும் இந்த இரண்டையும் கேட்கிறேன். இரண்டிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல்தான் முதல் சில மாதங்கள் பலர் சிரமப்படுகிறார்கள்.

முதலில் வெயில். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கிறோம். பகலில் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரிதான். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983-இன் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று ஊரே பேசியது. கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டிப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கே மார்கழி கிடையாது. இரவிலும் 23-க்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், வியர்வை உலராது. உடம்பு பழகச் சில வாரங்களாவது ஆகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், பருத்தி உடுத்துங்கள். வயதான பெற்றோரை அழைத்து வந்தால் நண்பகலில் ஊர் சுற்றக் கூட்டிப் போகாதீர்கள்.

ஈரப்பதம் வீட்டுக்குள்ளும் வேலை காட்டும். மூடியே வைத்த அலமாரியில் தோல் பெல்ட், செருப்பு, கைப்பை எல்லாம் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிடும். பட்டுப்புடவையை அட்டைப்பெட்டியோடு வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் டப்பாக்கள் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும், அலமாரிக்கு ஒன்று வையுங்கள். அப்பளம், மிளகாய்ப் பொடி, ரவை எதுவானாலும் இறுக மூடும் டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

மழையைப் பொறுத்தவரை, காலை வெயிலை நம்பித் துணி காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை விடியும் முன்பே ஜன்னலை அறையும். மின்னலை இங்கே யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. எச்சரிக்கை வந்தால் பொது நீச்சல் குளங்களில் எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். பிள்ளைகள் திடலில் இருந்தால் நீங்களும் உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டெங்கியையும் அலட்சியப்படுத்த வேண்டாம். குடியிருப்புப் பேட்டையில் சிவப்புப் பதாகை தொங்கினால் அங்கே பத்து பேருக்கோ அதற்கு மேலோ பாதிப்பு என்று பொருள். பூந்தொட்டித் தட்டிலும் துணிக்கம்பு செருகும் குழாயிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு.

இனி மனிதர்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் தமிழ் கேட்டதும் மனம் குளிரும். அந்த மகிழ்ச்சியில், கடையிலோ அலுவலகத்திலோ பார்க்கும் தமிழரிடம் "இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டுவிடுவார்கள். தோ பாயோ, யீஷூன் என்று இங்குள்ள பேட்டைகளின் பெயர்தான் பதிலாக வரும். அவர்களில் பலர் இங்கேயே மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் குடும்பத்தினர். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் தொடங்கியது. தமிழ் முரசு நாளிதழ் 1935-இலிருந்து வருகிறது. அவர்கள் கட்டிக் காத்த இடத்தில்தான் நாம் வந்து இறங்கியிருக்கிறோம். ஊரைக் கேட்பதைவிட, எந்தப் பேட்டையில் வளர்ந்தீர்கள் என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். அவர்கள் தமிழில் மலாய்ச் சொல் கலந்தால் திருத்தப் போகாதீர்கள்.

மக்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் சீனர். அடுத்து மலாய்க்காரர், பிறகு இந்தியர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் எல்லா இனமும் கலந்து குடியிருக்க 1989-இலிருந்து விகிதாசார விதி இருக்கிறது. அதனால் உங்கள் மாடியிலேயே எல்லாரும் இருப்பார்கள். எந்த இனமானாலும் பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றே அழைக்கலாம். மின்தூக்கியில் பார்த்தால் தலையசைத்துச் சிரியுங்கள், நான்காம் நாள் அவர்களே பேசுவார்கள்.

உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அது ஒருவர் பிடித்துவைத்த இடம், எடுத்துப் போடாதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு, பார்த்து வையுங்கள். அது மலாய் நண்பர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

சீனப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்தால் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கையாலும் கொடுங்கள். ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் புல்தரையில் ஊதுபத்தியும் படையலும் வைத்திருப்பார்கள். மிதிக்காமல் சுற்றிப் போங்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய் வீட்டுக்குப் போனால் கொடுத்த பலகாரத்தில் ஒன்றையாவது சாப்பிடுங்கள். தீபாவளிக்கு நீங்கள் கொடுக்கும் முறுக்கும் லட்டும் சைவம் என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி.

புதிய வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்திலேயே இரு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பெயர் சொல்லிவிடுங்கள். காலணி அடுக்கை நடைபாதையில் எவ்வளவு தூரம் வைக்கலாம், சாம்பிராணிப் புகை அவர்களுக்குத் தொந்தரவா என்று கேட்டும் விடுங்கள்.