பழைய குடும்பப் படங்களைச் சரிசெய்ய வீட்டுக் கணினிக்கு எந்த மென்பொருள்? (4 ஜிபி ராம், வாடகை கட்டும் எண்ணம் இல்லை)

செக்காலைக்காரர்:
அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வரும் தை மாதம் சாந்தி, அதாவது வயது நிறைவு விழா. வருகிற பங்காளிகளுக்குக் கொடுக்க ஒரு சின்ன ஆல்பம் போடலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் படங்கள், ஐயா (தாத்தா) ரங்கூனில் கடையில் இருந்தபோது எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள், எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள் எல்லாம் இருக்கின்றன. சிலது மஞ்சளடித்துவிட்டது, சிலதில் பூஞ்சைப் புள்ளி, ஒன்றில் நடுவே மடித்த கோடு.

கணினி பழையது. ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. முன்பு படங்களுக்குக் கூகுளின் பிகாசா வைத்திருந்தேன், அதைத்தான் 2016லேயே நிறுத்திவிட்டார்களே. மாதா மாதம் பணம் கட்டும் மென்பொருள் வேண்டாம். ஒரு கடையில் "ஃபோட்டோஷாப்பை சும்மாவே போட்டுத் தருகிறேன்" என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா? எனக்கு எடிட்டிங் அவ்வளவாகத் தெரியாது.

கோவிலூர் தம்பி:
கடைக்காரர் சொல்வது திருட்டு நகல் அண்ணே. உடைத்த நகலோடு வைரஸும் சேர்ந்து வரும், அதே கணினியில்தானே பேங்க் வேலையும் பார்ப்பீர்கள்? வேண்டாம்.

கிம்ப் (GIMP) என்ற எடிட்டிங் மென்பொருளைப் போடுங்கள், முழுக்க இலவசம். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது, விண்டோஸ் 10இல் ஓடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது, கண்ட தளங்களில் இறக்க வேண்டியதில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி சொல்வது சரி, ஆனால் கிம்ப்பைத் திறந்தவுடன் அத்தனை பட்டன்களையும் பார்த்து மலைத்துப் போவீர்கள். நான் ஃபோட்டோபீதான் பயன்படுத்துகிறேன். குரோமில் திறந்தால் போதும், நிறுவ எதுவும் இல்லை. ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். படம் எங்கேயும் ஏறிப் போவதில்லை, வேலை நம் கணினியிலேயே நடக்கிறது. இதில் ஸ்பாட் ஹீலிங் பிரஷ் இருக்கிறது. புள்ளி மேல் ஒரு தேய் தேய்த்தால் மறைந்துவிடும். பெயிண்ட் டாட் நெட்டும் இலவசம், எளிது. ஆனால் அதில் இந்த ஹீலிங் பிரஷ் கூடவே வராது, குளோன் ஸ்டாம்பை (ஒரு இடத்தை அப்படியே நகலெடுத்து இன்னொரு இடத்தில் பதிக்கும் கருவி) வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். பூஞ்சைப் புள்ளிக்கு அது பொறுமையைச் சோதிக்கும்.

லினக்ஸ் பிரியர்:
விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். 4 ஜிபியில் ஓடும், கிம்ப்பும் கிடைக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:
சாந்தி முடியட்டும், அப்புறம் மாற்றிக்கொள்வார்.

தேவகோட்டை ஸ்டுடியோக்காரர் (ஓய்வு):
எல்லோரும் மென்பொருளிலேயே நிற்கிறீர்கள். பாதி வேலை ஸ்கேனரில் முடிந்துவிடும். போனில் எடுத்த படத்தை எந்த மென்பொருளில் போட்டாலும் ஓரளவுக்கு மேல் தேறாது.

தம்பி, ஆல்பத்தில் இருக்கும் படங்களைச் சாதாரண பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும். அச்சுக்கு 300 டிபிஐ போதும் என்பதால் அதையே 8க்கு 12 வரை பெரிதாக்கலாம். 2க்கு 3 அங்குலச் சின்னப் படம் என்றால் 1200 வையுங்கள். கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பிறகு வேண்டியதை எடுக்கலாம். டிஃப் கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுவிட்டு அதைத் தொடாதீர்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் இழக்கும்.

முகப்பில் மாட்டிய படங்களைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கப் பார்க்காதீர்கள். பல வருஷ ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடே இறக்கி, வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நிமிர்த்தி வைத்துப் படம் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். படம் எடுப்பவருக்குப் பின்னால் ஒருவர் கருப்புத் துணியை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு வராது. ஃபிளாஷ் கூடவே கூடாது. கோணல் விழுந்தால் கிம்ப்பில் பெர்ஸ்பெக்டிவ் டூல் இருக்கிறது, நான்கு மூலையையும் இழுத்து நேராக்கலாம்.

மஞ்சளுக்கு வருகிறேன். கருப்பு வெள்ளைப் படமானால் இமேஜ் மெனுவில் மோட் போய் கிரேஸ்கேல் கொடுங்கள், மஞ்சள் அந்த நொடியே போய்விடும். பிறகு கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும் வலது முக்கோணத்தை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். வெளிறிய படம் எழுந்து வரும். எண்பதுகளின் கலர் பிரிண்டுகள் சிவப்பேறியிருக்கும், ஏனென்றால் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. லெவல்ஸிலேயே ஆட்டோ இன்புட் லெவல்ஸ் என்று ஒரு பட்டன் உண்டு, அது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே நீட்டும். பெரும்பாலும் அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். பட்டுப் புடவைக் கரையில், நகையில் லேசாகச் சாயம் இருந்தால் அது அந்தக் கைவேலைதான். அதற்கு கிரேஸ்கேலும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம்.

செக்காலைக்காரர்:
நன்றி அண்ணே. ஸ்கேனர் ஒன்று உறவினரிடம் இருந்து வாங்கியாகிவிட்டது. கிம்ப்பும் போட்டேன், திறக்க நேரமாகிறது, ஆனால் ஓடுகிறது. இப்போது இரண்டு சிக்கல். ஒன்று, சேவ் கொடுத்தால் எக்ஸ்.சி.எஃப் என்று ஒரு கோப்பு வருகிறது, படம் அச்சிடும் லேபில் திறக்கவில்லை. இரண்டாவது, போனில் ஏஐ ஆப் ஒன்றில் ஐயா படத்தைப் போட்டுப் பார்த்தேன். கீறலெல்லாம் போய்விட்டது, கூடவே நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டையும் போய்விட்டது! அப்பத்தா பார்த்துவிட்டு "இது யாரு?" என்கிறார்கள்.

கோவிலூர் தம்பி:
எக்ஸ்.சி.எஃப் கிம்ப்பின் சொந்தக் கோப்பு அண்ணே. லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் பட அடுக்கு) எல்லாம் அதில் அப்படியே இருக்கும், பிறகு திருத்த வசதி. அதையும் வைத்துக்கொள்ளுங்கள். லேபுக்கு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் போய், பெயர் முடிவில் ஜேபிஜி என்று போட்டு, குவாலிட்டியை 95 வைத்து அனுப்புங்கள்.

தேவகோட்டை ஸ்டுடியோக்காரர் (ஓய்வு):
ஏஐ ஆப் வெள்ளைக் கோட்டையெல்லாம் கீறல் என்றுதான் பார்க்கும், அதற்குத் திருநீறு தெரியுமா? மங்கலான இடத்தில் கண்ணையும் மூக்கையும் தானே இட்டுக்கட்டும். முகத்தில் அதைத் தொட விடாதீர்கள்.

கிம்ப்பில் ஹீல் டூல் எடுத்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பக்கத்திலுள்ள சுத்தமான இடத்தில் ஒரு கிளிக், பிறகு புள்ளி மேல் தேயுங்கள். பிரஷ் அளவு புள்ளியை விடக் கொஞ்சமே பெரிதாக இருக்கட்டும். மடிப்புக் கோட்டைச் சிறிது சிறிதாகச் சரிசெய்யுங்கள், ஒரே இழுப்பில் இழுத்தால் தடம் தெரியும். சட்டை விளிம்பு, தூண் விளிம்பு போன்ற இடங்களில் ஹீல் கசக்கிவிடும், அங்கே குளோன் டூல். ஆரம்பிக்கும் முன் லேயரை ஒரு நகல் எடுத்து அதன் மேல் வேலை பாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
காசு கொடுத்தாவது வாங்கலாம் என்று யாராவது படித்தால் ஒரு தகவல். ஃபோட்டோஷாப்பின் எளிய வடிவமான ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் முன்பு ஒரு முறை வாங்கினால் நிரந்தரம். 2025 பதிப்பிலிருந்து மூன்று வருஷ உரிமம்தான். அஃபினிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் 2025 அக்டோபரிலிருந்து இலவசம், கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். நன்றாக இருக்கிறது, ஆனால் 4 ஜிபியில் திணறும்.

செக்காலைக்காரர்:
எக்ஸ்போர்ட் சரியாகிவிட்டது, லேபில் திறந்தது. ஹீலும் பழகிவிட்டது, பட்டையை விட்டுச் சுற்றித்தான் தேய்க்கிறேன். அச்சுக்கு மேட் பேப்பரா, கிளாஸியா?

தேவகோட்டை ஸ்டுடியோக்காரர் (ஓய்வு):
மேட். பந்தியில் பத்துப் பேர் கை மாறும், கிளாஸியில் விரல் ரேகை பதியும். முதலில் ஒரு கருப்பு வெள்ளை, ஒரு கலர் மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். திரையை அதிக வெளிச்சத்தில் வைத்திருந்தால் அச்சில் படம் இருண்டு வரும், அப்போது லெவல்ஸில் நடு முக்கோணத்தைச் சற்று இடப்பக்கம் தள்ளிவிட்டு மீதியை அனுப்புங்கள்.