லேப்டாப் மாடிக்கு வந்த பிறகும் கீழ்த்தள ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்த செட்டிங்கை மாற்றுவது?

மாடியறை:
வணக்கம் நண்பர்களே. கீழ்த்தளத்தில் ரவுட்டர், மாடியில் வைஃபை தரும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (ஏபி), இரண்டும் கேபிளில் இணைந்தவை, பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றே. கீழே வேலை பார்த்துவிட்டு விண்டோஸ் 11 லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தால், அது கீழே இருப்பதை விடுவதே இல்லை, வீடியோ கால் திக்கித் திணறுகிறது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் உடனே சரியாகிவிடும். அதே இடத்தில் போன் தானாக மாறிக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்தால் நீளமாக ஒரு பட்டியல் வருகிறது, ஆனால் சானல் எண்ணை மாற்றத்தான் இடமே காணோம். எதை எந்த மதிப்பில் வைப்பது? அலுவலகக் கூட்டங்கள் எல்லாம் இந்த லேப்டாப்பில்தான், ரொம்ப சங்கடமாக இருக்கிறது.

ஆன்டெனா:
சானலை லேப்டாப்பில் தேட வேண்டாம், அதை முடிவு செய்வது ரவுட்டரும் ஏபியும்தான். லேப்டாப் கையில் இருப்பது கொஞ்சம்தான்: எந்த பேண்டுக்கு (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) முன்னுரிமை, எப்போது வேறு ஏபிக்குத் தாவுவது, பேட்டரிக்காக ரேடியோவை எவ்வளவு தூங்க விடுவது. தாவும் முடிவு லேப்டாப்புடையது, ஏபி சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான்.

எதையும் தொடுவதற்கு முன் மாடியில் கால் திணறும்போதே கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ்' (netsh wlan show interfaces) கட்டளையைக் கொடுத்து, சானல், ரேடியோ டைப் (வைஃபை தலைமுறை), சிக்னல், ரிசீவ் ரேட் (எம்பிபிஎஸ் கணக்கில் வேகம்) நான்கையும் இங்கே போடுங்கள். விண்டோஸ் சிக்னலைச் சதவீதமாகக் காட்டும். அதில் பாதியை எடுத்து 100-ஐக் கழித்தால் டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) வந்துவிடும், அதாவது 66% என்றால் -67. கால் தடங்கலில்லாமல் போக அதற்குக் கீழே இறங்காமல் இருந்தால் நல்லது.

மாடியறை:
பார்த்தேன். சானல் 6, ரேடியோ டைப் 802.11என், சிக்னல் 48%, ரிசீவ் ரேட் 39.

நீலவானம்:
அப்போது -76, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில். கீழ்த்தள ரவுட்டரின் 2.4 சுவரைத் தாண்டி மாடி வரை வந்துவிடுகிறது, அதுதான் லேப்டாப் விடாமல் இருப்பதற்குக் காரணம். 'பிரிஃபர்டு பேண்ட்' என்பதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். எவ்வளவு சீக்கிரம் வேறு ஏபிக்குத் தாவுவது என்பதற்கான 'ரோமிங் அக்ரெஸிவ்னெஸ்' மீடியத்தில் இருக்கும், அதை ஹையஸ்ட் வைத்துவிடுங்கள். 2.4, 5 இரண்டுக்குமான சானல் விட்த் (சானலின் அகலம்) ஆட்டோவிலேயே இருக்கட்டும், டிரான்ஸ்மிட் பவரும் ஹையஸ்ட்டில்தான் இருக்கும், தொட வேண்டாம்.

ஆன்டெனா:
பேண்ட் சரி, ஆனால் ஹையஸ்ட் வேண்டாம் நண்பரே. அதில் வைத்தால் நல்ல சிக்னல் இருக்கும்போதும் வேறு ஏபி இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும், அப்படித் தேட ரேடியோ தன் சானலை விட்டு மற்ற சானல்களுக்குப் போய்வர வேண்டும், அந்த நேரத்தில் காலில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். மீடியம்-ஹை போதும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒன்றை மாற்றி அரை நாள் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இல்லாவிட்டால் எது தீர்த்தது என்றே தெரியாது.

கம்பியில்லான்:
ஏபி பக்கமும் ஒன்று பார்க்கணும். மாடி ஏபியின் 5 கிகாஹெர்ட்ஸ் எந்த சானலில்? 52 முதல் 144 வரை பல நாடுகளில் ரேடாரோடு பங்கிட்டுக்கொள்ளும் சானல்கள், அங்கே லேப்டாப் தானாக 'யாராவது இருக்கிறீர்களா' என்று கூப்பிடக் கூடாது, ஏபி தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் சிக்னல் வரும் வரை காத்துக் கேட்க வேண்டும். பீக்கன் சுமார் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் வரும். அத்தனை சானலிலும் இப்படிக் காத்திருந்தால் தேடல் இழுத்துக்கொண்டே போகும், சில அடாப்டர்கள் அந்தப் பக்கம் அடிக்கடி போவதுகூட இல்லை. முடிந்தால் 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிலையாக வைத்துவிடுங்கள். கீழ்த்தள 2.4-இன் பவரையும் குறைத்தால் மாடி வரை அது வராது, லேப்டாப்பும் சீக்கிரம் கைவிடும். என்னைக் கேட்டால் லேப்டாப்பில் செய்யும் எந்த மாற்றத்தையும் விட இதற்குத்தான் பலன் அதிகம்.

மாடியறை:
மாடி ஏபி 100-இல் இருந்தது! 36-க்கு மாற்றினேன், அப்புறம் பிரிஃபர்டு பேண்ட், மறுநாள் ரோமிங் மீடியம்-ஹை. இப்போது படியேறி வந்து உட்காரும்போதே மாறிவிடுகிறது: 802.11ஏசி, சிக்னல் 78%, ரிசீவ் ரேட் 585. கால் அறுபடவில்லை. ஆனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் சில நேரம் குரல் பின்தங்குகிறது.

நீலவானம்:
அது பவர் சேவ் வேலை. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆன்டெனாக்களில் சிலவற்றைத் தூங்க விடும் 'மிமோ பவர் சேவ் மோட்' என்று ஒன்று இருக்கும், அதை நோ எஸ்எம்பிஎஸ் (அந்த மிச்சம் வேண்டாம் என்று பொருள்) ஆக்குங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கம் உங்கள் லேப்டாப்பில் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், கூட்டம் முக்கியம் என்றால் பரவாயில்லை. ட்ரைவர் அப்டேட் ஆனால் இவை பழைய மதிப்புக்கே போய்விடக்கூடும், அதனால் அட்வான்ஸ்டு பக்கத்தை இப்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.