அத்தைக்கு மார்பில் கட்டி, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் எங்கே காட்ட வேண்டும்?

அக்கா, தங்கைகளே, காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தைக்கு வயது 54. இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி இருப்பதைப் போன வாரம்தான் சொன்னார். மூன்று மாதமாக இருக்கிறதாம். "வலிக்கவே இல்லையே கண்ணு, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார். வலி இல்லாததுதான் எனக்குப் பயம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, சரி. ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் அதை முடிவு செய்ய முடியாது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டான்லியில் இதற்கு எந்த ஓ.பி.யில் சீட்டு வாங்க வேண்டும்? எந்த நாள் போனால் பெண் டாக்டர் பார்ப்பார்? ஆண் டாக்டர் என்றால் வரவே மாட்டேன் என்கிறார். விடியற்காலை ஏலத்துக்குப் போகாவிட்டால் அன்றைய வியாபாரமே போய்விடும், அந்தக் கவலையும் இருக்கிறது.

இன்னொன்று. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து நலமாக இருக்கும் அக்கா யாராவது அத்தையிடம் பத்து நிமிடம் பேசுவீர்களா? நான் சொன்னால் சின்னப் பெண் பேச்சு என்று தள்ளிவிடுகிறார். உங்களை நேரில் பார்த்தால் கிளம்பிவிடுவார். இந்த வாரமே கூட்டிப் போக வேண்டும்.