ரஷ்ஷின் 'சிக்னல்ஸ்': எளிமையா, இழப்பா?

ஆறுகம்பி:
கனடாவின் ராக் இசைக்குழுவான ரஷ்ஷின் 'சிக்னல்ஸ்' (1982) ஆல்பத்தை இந்த வாரம் மறுபடியும் முழுசாகக் கேட்டேன். இந்த முறையும் மனசு ஒட்டவில்லை. 1976-இல் '2112'-க்காக இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே, 20 நிமிடத்தை, ஒரே கதைக்குக் கொடுத்தவர்கள். 1978-இல் 'ஹெமிஸ்பியர்ஸ்' பாட்டு 18 நிமிடம். அடுத்த நான்கே ஆண்டில் எந்தப் பாட்டும் ஏழு நிமிடத்தைத் தாண்டவில்லை. கெடி லீயின் சின்தசைசர் (மின்னணுக் கீபோர்ட்) முன்னால் நிற்கிறது, அலெக்ஸ் லைஃப்சனின் கிட்டாரைத் தேடிக் கேட்க வேண்டியிருக்கிறது. 'நியூ வேர்ல்ட் மேன்' பாட்டோ, கேசட்டின் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று கடைசியில் எழுதிச் சேர்த்தது! நீளமான, சிக்கலான ராக் இசைக்குப் பேர்போன ஒரு ப்ராக் குழு செய்கிற வேலையா இது?

ஏழாம்தாளம்:
நண்பரே, நீளம் குறைந்ததை எளிமை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். 'சப்டிவிஷன்ஸ்' தொடக்கத்தை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், தாளத்தின் ஒரு சுற்றுக்கு ஏழு அடி வரும். 'லூசிங் இட்' ஐந்தில் போகிறது. முன்பெல்லாம் சிக்கலான தாளம் வந்தால் "இதோ வந்துவிட்டேன்" என்று அதுவே சொல்லும். இங்கே பாட்டோடு கரைந்து போகிறது. நீல் பியர்ட்டின் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள், மனிதர் ஒரு இடத்திலும் சும்மா இருக்கவில்லை.

அப்புறம், இந்த மாற்றம் 1982-இல் திடீரென்று வந்ததில்லை. 1980-இல் 'பெர்மனென்ட் வேவ்ஸ்' ஆல்பத்திலேயே 'தி ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ' ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது, கடைசியில் ஜமைக்காவின் ரெகே இசை கூட வருகிறது. அதை ஏற்றுக்கொண்டால் இதையும் ஏற்கத்தான் வேண்டும்.

ஆறுகம்பி:
ஏற்க மாட்டேன். அந்தப் பாட்டு தொடங்குவதே கிட்டாரில். 'சப்டிவிஷன்ஸ்' தொடங்குவது கீபோர்டில். என் வருத்தமே அதுதான். 1975 முதல் கூடவே இருந்த தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனும் இந்த ஆல்பத்தோடு விலகினார். ஏதோ ஒன்று அங்கே முடிந்தது.

மொட்டைமாடி:
வரிகளைப் பற்றி யாருமே பேசவில்லையே? 'சப்டிவிஷன்ஸ்' புறநகரில் வளரும் பிள்ளைகளின் பாட்டு. கூட்டத்தோடு ஒத்துப்போ, இல்லையென்றால் ஒதுக்கப்படுவாய் என்ற பயம்தான் விஷயம். பள்ளியில் நானும் அப்படி ஒதுங்கி நின்றவள். வேறு கிரகத்துக் கோயில்களையும் பூசாரிகளையும் பாட 20 நிமிடம் தேவைப்பட்டிருக்கலாம், இதற்குத் தேவையில்லை. அந்தக் குளிர்ந்த சின்தசைசர் ஒலிதான் எனக்கு அந்தத் தெருக்களைக் காட்டுகிறது. கிட்டாரில் தொடங்கியிருந்தால் வீரமாக இருந்திருக்கும், தனிமையாக இருந்திருக்காது.

ஏழாம்தாளம்:
சரியாகச் சொன்னீர்கள். கேசட் கணக்குக்காக எழுதிய அந்த 'நியூ வேர்ல்ட் மேன்' அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 21-ஆம் இடம் வரை போனது. அங்கே முதல் 40-க்குள் நுழைந்த அவர்களின் ஒரே பாட்டு. யோசித்து இழைக்க நேரமில்லாததால்தான் அவ்வளவு இலகுவாக வந்தது என்று நினைக்கிறேன்.

ஆறுகம்பி:
விற்பனையை வைத்து என்னைச் சம்மதிக்க வைக்க முடியாது. ஆனால் மொட்டைமாடி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் பாட்டுக்குக் கீபோர்ட் பொருந்துகிறது. சரி, எளிமை என்ற குற்றச்சாட்டை எடுத்துவிடுகிறேன். மிக்ஸ் பற்றிய குறை, அதாவது எந்தக் கருவி எவ்வளவு முன்னால் கேட்கிறது என்ற குறை, அப்படியே இருக்கிறது. 'தி அனலாக் கிட்' பாட்டில் லைஃப்சனின் சோலோவை, அந்தத் தனி கிட்டார் வாசிப்பை, கேளுங்கள். அப்படி வாசிக்கிறவரை மற்ற பாட்டுகளில் ஏன் பின்னால் நிறுத்தினார்கள்?