பந்தயப் பைக் ஃபேரிங்கில் திரும்பத் திரும்ப எழும் கொப்புளங்கள்

2008 மாடல் யமஹா ஆர்6 பந்தயப் பைக்கின் ஃபைபர் கிளாஸ் ஃபேரிங்கில் (வெளி உறையில்) வெள்ளை அடித்து, சிவப்புப் பட்டைகள் இட்டு, மேலே 2கே கிளியர் கோட் (கடினமாக்கி கலந்து பூசும் நிறமற்ற மேல்பூச்சு) பூசி ஆறு வாரங்கள் ஆகின்றன. முதல் ஓட்டத்திலேயே, எக்ஸாஸ்ட் குழாய்களை ஒட்டிய அடிப்பகுதியில் மட்டும் கடுகளவு கொப்புளங்கள் எழுந்தன. ஊசியால் குத்தினால் ஈரமில்லை, அடியில் ஜெல்கோட்டில் (ஃபைபர் கிளாஸின் வெளிப்புறப் பிசின் படலத்தில்) ஒரு நுண்துளை தெரிகிறது. வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிய மெழுகு போக டிகிரீசரால் (பிசுக்கு நீக்கியால்) துடைத்து, 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, பூச்சுகளுக்கிடையே போதிய நேரம் விட்டு மறுபடியும் பூசினேன்; உட்புறம் வெப்பத்தடுப்புத் தாளும் ஒட்டினேன். அதே இடத்தில், அதே வரிசையில் மீண்டும் வந்துவிட்டன. பட்டைகளின் ஓரம் கசிவின்றிக் கத்தி முனைபோல் அமைந்திருப்பதால், மூன்றாம் முறை சுரண்ட மனம் வரவில்லை. இழை அடுக்குகளில் சிக்கிய காற்று சூட்டில் விரிவதுதான் காரணமென்றால், ஃபேரிங்கை மாற்றாமல் அந்தத் துளைகளை நிரந்தரமாக அடைப்பது எப்படி?