ஓர்வியேட்டோ பேராலயச் சுவரோவியங்கள்: டிசம்பரில் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

ஈசூன்வாசி: பள்ளி விடுமுறையில் ரோமில் நான்கு நாள். ஒரு நாளை மலைமேல் இருக்கும் ஓர்வியேட்டோ நகருக்கு ஒதுக்கியிருக்கிறோம், அங்குள்ள பேராலயத்தில் ஓவியர் சிக்னொரெல்லி தீட்டிய சுவரோவியங்களுக்காகத்தான். அம்மாவால் மேடு ஏற முடியாது. எந்த நேரம் நல்லது? இத்தாலியச் சுவரோவியங்கள் பலவற்றில் நீலம் மட்டும் உதிர்ந்திருக்கிறதே, ஏன்?

தேக்கா: மேட்டுக்குப் பயம் வேண்டாம். ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து நேர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். காகித டிக்கெட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம். ஓர்வியேட்டோ நிலையத்துக்கு எதிரே மலையேற்றும் இழுவை ரயில், மேலே போனால் சிற்றுந்து. பேராலய வாசலில் சில படிகள் மட்டும் உண்டு.

டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். முகப்பு மேற்குப் பார்த்தது, மொசைக் மின்னுவது பிற்பகல் வெயிலில்தான். அதனால் காலையில் உள்ளே, இரண்டு மணிக்கு மேல் வெளியே. ஞாயிறு காலை பூசை நேரம், தவிர்த்துவிடுங்கள்.

பொங்கோல்: அந்த ஓவியங்கள் இருக்கும் சான் பிரிசியோ சிற்றாலயம் பேராலயத்துக்குள் வலப்பக்கம். 1447இல் ஓவியர் ஃபிரா ஆஞ்செலிகோ அதன் விதானத்தில் இரண்டு பகுதிகளை மட்டும் முடித்துவிட்டுப் போனார். 1499இல் வந்த சிக்னொரெல்லி 1504இல் முடித்தார். உள்ளே நுழைந்ததும் நேராகப் பலிபீடத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் இடப்பக்கம், உலக முடிவில் கிறிஸ்துவைப் போல வேடமிட்டு வரும் அந்திக்கிறிஸ்துவின் போதனை: அவன் காதில் சாத்தான் ஓதுகிறான், இடது மூலையில் கறுப்பு உடையில் நிற்கும் இருவர் சிக்னொரெல்லியும் ஆஞ்செலிகோவும். பிறகு எதிர்ச்சுவரில் இறந்தோரின் உயிர்த்தெழுதல், அதற்கடுத்து நரகவாசிகள். தசைகளை இவ்வளவு துணிச்சலாக முறுக்கியவர் அந்தக் காலத்தில் அரிது. ஒரு மணி நேரமாவது வேண்டும். 8 மடங்கு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

தெம்பனிஸ்: நீலத்துக்கு வருகிறேன். ஒரு நாளில் வரைய முடிந்த அளவுக்குத்தான் சுண்ணாம்புப் பூச்சு போடுவார்கள். ஈரம் இருக்கும்போதே வண்ணம் தீட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். ஆனால் அசுரைட் என்ற தாதுவிலிருந்து எடுக்கும் நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. சுவர் காய்ந்தபின் பசையோடு கலந்துதான் தீட்டினார்கள். பசை நைந்தால் நீலம் உதிரும், அடியிலிருக்கும் பூச்சு தெரியும். சுவருக்குள் ஈரம் ஏறினால் அது கொண்டுவரும் உப்பு மேலே படிகமாகி எல்லா வண்ணத்தையும் பெயர்க்கும், அது வேறு கதை. உருவங்களின் ஓரத்தில் மெல்லிய தையல் போல ஒரு கோடு தெரிந்தால், அங்கே அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஈசூன்வாசி: நன்றி! விதானத்தை அண்ணாந்து பார்த்தால் அம்மாவுக்குக் கழுத்து வலிக்கும்.

பொங்கோல்: கைக்கண்ணாடி ஒன்றை இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இடவலம் மாறித்தான் தெரியும், பரவாயில்லை.